மாடியில் யாரும் இல்லை

அத்தியாயம் 14

“கெட்டவங்க தூங்கும்போதும் கெட்டவங்களாத்தான் இருப்பாங்களாம்மா?”

யூரிம் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. வாய் நிறையப் பற்பசை நுரை. பதில் தெரியாத கேள்விக்கு அம்மாக்கள் சொல்வதைத்தான் ஹேரனும் சொன்னாள்: “முதல்ல வாயைக் கொப்பளி.”

ஆனால் எழுதிப் பிழைக்கிறவளின் காதில் விழுந்த கேள்வி சும்மா கிடக்குமா? ஏழு வருஷம் கழித்து அதற்குக் கை கால் முளைத்தது. மோரான் என்று பெயர் வைத்துக்கொண்டு, சியோல் தொலைக்காட்சி ஒன்றின் மாலைத் தொடரில் வில்லியாக வந்து நின்றது. வார நாட்களில் ஏழரை மணிக்கு நாட்டில் பாதி வீடுகள் மோரானைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டன.

தொடரின் முதல் காட்சியில் மோரான் கன்னத்துக்கடியில் கையை வைத்துக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருப்பாள். அறுபத்தோராம் பகுதியில் அதே கை, ஆறு உறைந்துபோன ஒரு காலையில், படுத்த படுக்கையான மாமியாரின் அறைக்கு வெந்நீர் போகும் வால்வை மூடியது. தரைக்கடியில் குழாயில் ஓடும் அந்த வெந்நீரை நம்பித்தான் இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தைக் கடக்கிறார்கள். சாயங்காலம் மோரான் வால்வைத் திறந்தபோது கிழவிக்குப் பேச்சு நின்றிருந்தது. அந்த வாரமே மூச்சும் நின்றது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், ஹேரனின் சொந்த வீட்டில் அது ஆரம்பித்தது.

அவளுடைய மாமியார் கடைசியாகப் படுத்திருந்த கீழ்த்தள அறை. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வால்வு மூடியது மூடியபடி. தூசி துடைக்கப் போன ஹேரனின் பாதத்தின் கீழே தரை வெதுவெதுவென்று இருந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அந்த அறைக்கு உரிய வால்வு திறந்திருந்தது. மூடினாள். மறுநாள் மறுபடியும் சூடு. மறுபடியும் மூடினாள்.

இன்றோடு ஒன்பது நாள். இன்று மாமியாரின் மூன்றாவது நினைவு நாளும்கூட.

“அம்மா, எங்க க்ளாஸ்ல மோரானுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சாச்சு” என்றாள் யூரிம், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே. “‘மோரான் அக்கா பாவம்’னு பென்சில் டப்பாவுல ஒட்டி வெச்சிருக்காங்க.”

“கொலைகாரிக்கா?”

“அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? சீக்கிரம் எழுதும்மா. காரணம் இருக்குன்னு நான் பந்தயம் கட்டியிருக்கேன்.”

“காரணம் இல்லாதவன் யாரு?” வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஜின்மோ சிரித்தான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். “டிக்கெட் கார்டு தேய்க்காம என் பஸ்ல ஏறுறவன் ஒவ்வொருத்தனும் ஒரு காரணத்தோடதான் ஏறுறான். எல்லாமே கண்ணீர்க் கதை. நான் அழுதுகிட்டே இறக்கி விடுவேன்.”

மகள் சிரித்துக்கொண்டே பனியில் ஓடினாள். ஹேரன் குரலைத் தாழ்த்தினாள்.

“என்னங்க, அந்த அறை இன்னைக்கும் சூடா இருக்கு. கதவுக்கடியிலேயே தெரியுது.”

ஷூ கயிற்றில் ஜின்மோவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சைப் போட்டது.

“பழைய வீடு. குழாய்ல எங்கேயோ கோளாறு. ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாம்.”

“மூடின வால்வு தானாத் திறக்குமா?”

“ஒன்பது மணிக்கு வந்துடுவேன். ஜெபத்தை அப்ப வெச்சுக்கலாம். அக்காவுக்குப் போன் பண்ணியா?”

“எடுக்கல. மூணு வருஷமா இந்த வாசப்படி மிதிக்காதவங்க இன்னைக்கு மட்டும் வந்துடுவாங்களா?”

ஜின்மோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

அக்கா என்றது மல்சுக்கை. ஜின்மோவுக்கு ஒரே உடன்பிறப்பு, ஐம்பத்தேழு வயது. பதினோரு வருஷம் இந்த வீட்டில் இருந்து, நினைவு தப்பிப்போன தாயை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போய், சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் தங்கி, முதியோர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மாதா கோவிலில் பார்த்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஹேரன் மாவில் தோய்த்த மீன் துண்டுகளைப் பொரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தொடரின் இயக்குநர் குவாக்.

“எழுத்தாளரம்மா, ஆறு மணி. எழுபதாம் பகுதி. மறந்துடாதீங்க.”

“மறக்கல சார்.”

“மோரான் ஏன் அப்படிப் பண்ணினா, அதுதான் காட்சி. போன வாரம் கல்லெறிஞ்சவன் கையில இந்த வாரம் கைக்குட்டை இருக்கணும். நாடே அவளைக் கட்டிப் புடிச்சு அழணும்.”

“பாதிப் பேர் வேண்டாம்கறாங்களே. கொலைகாரிக்குக் கதை கொடுக்காதேன்னு தினமும் எழுதறாங்க.”

“அவங்களும்தான் பாக்கறாங்க!”

“இன்னைக்கு எங்க மாமியார் நினைவு நாள் சார்.”

“அப்படியா?” மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். “அப்ப நல்லாவே வரும்.”

அவரை என்ன சொல்வது? பிள்ளை குட்டிக்காரர்தான். ஆனால் மனிதர்கள் சில நேரம் பிழைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மனசை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இரவு ஜெபத்துக்கு மாமியாரின் அறையைத் துடைத்து வைக்க வேண்டும். ஹேரன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. கண்ணாடி முழுக்கப் பனிப்பூ.

தரையில் அதிகம் சூடு ஏறும் மூலை ஒன்று எல்லா அறையிலும் உண்டு. வீட்டில் மூத்தவருக்கு உரிய இடம் அது. அந்த மூலையில், நேற்று அலமாரிக்குள் மடித்து வைத்திருந்த பருத்தி மெத்தை விரித்திருந்தது. விரிப்பின் நடுவில் ஒரு மேடு.

அவள் வெகு நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கினாள்.

மூடி போட்ட வெண்கலக் கிண்ணம். அந்தக் காலத்தில், நேரம் கழித்து வீடு திரும்பும் ஒருவருக்காகச் சோற்றை ஆறாமல் இப்படித்தான் பொத்தி வைப்பார்கள். மூடியைத் திறந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

யார் வரப்போகிறார்கள் என்று இதை வைத்தது? வைத்தது யார்?

ஹேரன் சிலுவை போட்டுக்கொண்டாள். கிண்ணத்தை இருந்த இடத்திலேயே மூடி வைத்தாள். அதை எடுத்துவிடக் கை வரவில்லை. சமையலறைக்குப் போய்க் குனிந்தாள். நேற்று இரவு அவளே குறுக்கே திருப்பி வைத்த சிவப்புக் கைப்பிடி நேராக நின்றது. திறந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் மூடிவிட்டு, கதவைப் பூட்டி, மாடி ஏறினாள்.

எழுத உட்கார்ந்ததும் பயம் விலகியது. அதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது. மோரானின் காரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. மழைநீர் தாழ்வாரத்தில் வழிவதுபோல் தானாக வந்தது. ப்ளீச்சில் தோல் உரிந்த விரல்கள். இரவில் ஐந்து தடவை எழுந்து துணி மாற்றுவது. ஊட்டிய கஞ்சியை முகத்தில் துப்பிவிட்டு “திருடி” என்று கத்தும் கிழவி. கல்யாண வீட்டுக்குப் போய் எத்தனை வருஷம், சினிமா பார்த்து எத்தனை வருஷம், யாராவது “நீ சாப்பிட்டியா” என்று கேட்டு எத்தனை வருஷம்.

எழுதும்போதே ஹேரனுக்குக் கண் கலங்கியது. பக்கம் நன்றாக வந்துகொண்டிருந்தது. மிக நன்றாக.

டொக்.

விரல்கள் நின்றன.

டொக். டொக்.

கீழேயிருந்து. சீராக, பொறுமையாக. ஏதாவது வேண்டுமென்றால் மாமியார் கரண்டியால் சுவரைத் தட்டுவாளே, அதே தாளத்தில்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மேஜை மேல் இருந்த காதொலிப்பானை நோக்கி அவள் கை தானாகவே நகர்ந்தது. பாதி வழியில், சுட்டதுபோல, நின்றுவிட்டது.

டொக்.

ஹேரன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மாமியாரின் அறைக் கதவு சற்றே திறந்திருந்தது. சூடான மூலையில் மெத்தை அப்படியே காலியாக இருந்தது. கதவோரம், வெறுந்தரையில், கோட்டுகூடக் கழற்றாமல் ஒரு பெண் கன்னத்தைத் தரையில் ஒட்டிப் படுத்திருந்தாள். நரைத்த கூந்தலில் பனி உருகிக்கொண்டிருந்தது.

“பயந்துட்டியா, யூரிம் அம்மா?” என்றது அந்த உருவம் எழுந்திருக்காமலே.

“அக்கா!” ஹேரன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறின குழாய்ல வெந்நீர் திரும்ப ஏறும்போது இப்படித்தான் தட்டும். பதினோரு வருஷம் கேட்ட சத்தம். உனக்குப் புதுசா இருக்கும்.”

“நீங்களா... நீங்கதான் வால்வைத் திறந்தீங்களா?”

“என்கிட்ட ஒரு சாவி இருக்கே. நீ மாடியில எழுத உக்காந்தா வாசல்ல பீரங்கி வெடிச்சாலும் உனக்குக் கேக்காது. வந்து, திறந்து, ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போவேன்.”

“எதுக்குக்கா? சொல்லிட்டு வந்திருந்தா நானே சூடேத்தி...”

மல்சுக் எழுந்து உட்கார்ந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“தெரிஞ்சுதானே எழுதினே?”

“என்ன தெரிஞ்சு?”

“நடிக்காதே. அதுக்குத்தான் சியோல்ல ஆளுங்க இருக்காங்க.” மல்சுக் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. “ஆஸ்பத்திரியில ஏழரைக்கு எல்லாரும் டிவி முன்னாலதான். அன்னைக்கு அந்த மோரான் தொட்டிக்கு அடியில கையை விட்டு வால்வைத் திருப்பினா பாரு... என் கையை யாரோ படம் புடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு.”

ஹேரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“கற்பனைக்கா. சத்தியமா கற்பனைன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.”

“அன்னைக்குக் காலையில அம்மா கஞ்சியைத் துப்பிட்டு என்னைப் பாத்துக் கேட்டா, ‘நீ யாரு? என் மக நல்லவ. அவ செத்துட்டா. நீ யாரு?’ன்னு. திட்டினா தாங்கிப்பேன், அடிச்சாத் தாங்கிப்பேன். அதைத் தாங்க முடியல. வால்வை மூடினேன். சந்தைக்குப் போனேன். சூடா ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்பதுலேர்ந்து மூணு மணி வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன்.” நிறுத்தினாள். “நூடுல்ஸ் ருசியா இருந்துச்சு, யூரிம் அம்மா. அதைத்தான் என்னால மறக்க முடியல.”

“அக்கா, அந்த வயசுல நிமோனியா எப்படி வேணும்னாலும் வரலாம்...”

“டாக்டர் மாதிரிப் பேசாதே.”

“பதினோரு வருஷம் ஒத்தையாப் பாத்தீங்க. யாரா இருந்தாலும் புரிஞ்சுப்பாங்க.”

“புரியுதுதான். எனக்கே நல்லாப் புரியுது. எனக்குப் புரிஞ்சதுனால அந்த ஆறு மணி நேரம் அம்மாவுக்குச் சூடாயிடுச்சா?”

ஜன்னலில் பனி தட்டியது. குழாய் ஒரு முறை டொக் என்று சொல்லி அடங்கியது.

“எங்க வார்டுல எல்லாம் அழறாளுங்க” என்றாள் மல்சுக். “‘பாவம் மோரான், எவ்வளவு பட்டிருப்பா’ங்கறாளுங்க. அவங்க பாவம்னு சொல்றப்ப எனக்கு உள்ளே வெதுவெதுன்னு இருக்கு. ஒரு நாள் அதைக் கேக்கறதுக்குன்னே சீக்கிரமா வேலையை முடிச்சுட்டு ஓடிப் போய் முன் வரிசையில உக்காந்தேன். உக்காந்த பிறகுதான் பயம் வந்துச்சு. அம்மாவுக்கு இல்லாத சூட்டுல நான் குளிர் காயறேனேன்னு. எழுந்து நேரா இங்க வந்தேன்.”

ஹேரன் தரையில் சொட்டியிருந்த பனிநீரைப் புறங்கையால் துடைத்தாள்.

“காரணம் எழுதப் போறியாமே. பேப்பர்ல போட்டிருந்தான்.”

“பாதி எழுதிட்டேன்.”

“நல்லா வந்திருக்கா?”

“...ரொம்ப.”

“அதுதான் எனக்கு பயமே. நீ நல்லா எழுதுவே.”

மல்சுக் கழுத்திலிருந்த ஜெபமாலையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தத் தொடர்ல வர்ற வீடு அசல் நம்ம வீடு மாதிரியே இருக்கு. மாடிப்படி, தொட்டி, அந்த ஜன்னல்கூட. ஆனா மாடியில யாருமே இல்லையே. ஏன்?”

குரலில் குத்தல் எதுவும் இல்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

அன்று மாடியில் ஒருத்தி இருந்தாள். வேறொரு தொடருக்கு மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய பக்கங்கள். கீழே கரண்டி தட்டியது. அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள். மறுபடி தட்டியது. அவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள். வேலை முடிந்து கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். நாலு மணிக்கு இறங்கி வந்தபோது மாமியாரின் விரல் நுனி நீலமாக இருந்ததைப் பார்த்தாள். வயசானால் இப்படித்தான் என்று நினைத்தாள். இத்தனை “நினைத்தேன்”களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அதன் மேல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தாள். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. தவறு செய்தோம் என்று தோன்றினால்தானே சொல்ல?

“கேட்டுச்சுக்கா” என்றாள். “தட்டினது எனக்குக் கேட்டுச்சு.”

மல்சுக்கின் விரல் மாலையில் நின்றது.

“எத்தனை தடவை?”

“நிறைய.”

மல்சுக் கத்துவாள் என்று ஹேரன் எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

“நான் உன்னை மன்னிக்க முடியாது. நீயும் என்னை முடியாது” என்றாள் மல்சுக் கடைசியில். “அதுக்கு உரியவ போயிட்டா.” பிறகு அவள் சற்று நகர்ந்து, தரையைக் கையால் தட்டினாள். “அங்க ஏன் சில்லுன்னு உக்காந்திருக்கே? இங்க வா. இந்தப் பக்கம் சூடு.”

ஹேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்கு நகர்ந்து இடம் விடுவது எவ்வளவு சின்ன விஷயம்! தேவன் பல நேரங்களில் அந்த ஒரு சாண் இடத்துக்குள்தான் வந்து அமர்கிறார்.

“ஒன்பது நாளா வந்துட்டு, இன்னைக்குச் சோறு வேற வெச்சிருக்கீங்களே” என்றாள் ஹேரன் மெல்ல. “காலையில பாத்து உயிரே போயிடுச்சு.”

“என்ன சோறு?”

ஹேரன் மெத்தையைக் காட்டினாள். மல்சுக் முழங்காலால் நகர்ந்து போய் விரிப்பைத் தூக்கினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்தது.

“இது அம்மாவோட கிண்ணம். நான் வெக்கல. நான் வந்ததே இன்னையோட நாலு நாள்தான்.”

“அப்ப மீதி அஞ்சு நாள்?”

“இந்த அறைக்கு வேற யாருகிட்ட சாவி இருக்கு?”

காலையில் ஷூ கயிற்றில் நின்றுபோன ஒரு கை ஹேரனின் கண் முன் வந்தது.

மல்சுக் மெத்தையைப் பழையபடி மூடினாள். “ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். பக்கத்துக் கட்டிலைப் பாத்துக்கறவ அதுவரைக்கும்தான் பாத்துக்கறேன்னா. நான் பாக்கற அம்மாள் தானாப் புரளக்கூட மாட்டா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடலேன்னா முதுகு புண்ணாயிடும்...” சுவரில் சாய்ந்தாள். “ரெண்டு நாளாக் கண் மூடல. ஒரு அஞ்சு நிமிஷம்...”

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

ஹேரன் ஒரு போர்வையை எடுத்து வந்து போர்த்தினாள். வால்வை மூடவில்லை. மாடிக்குப் போனாள். மணி நாலரை.

எழுதியதைப் படித்தாள். மோரானின் காரணத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடித்துத் திருத்த எதுவும் இல்லை. அடிக்கவில்லை. ஆனால் மேலே புதிதாகச் சில வரிகள் சேர்த்தாள்.

மோரான் தன் கதையைச் சொல்லும் நேரம் முழுக்கக் கேமரா அவள் முகத்தில் இருக்கக் கூடாது. கிழவியின் அறையில் இருக்க வேண்டும். சூடு எங்கே போயிற்று என்று ஒரு கை தரையில் தடவித் தடவித் தேடுகிறது. கரண்டி சுவரில் தட்டுகிறது. பின்னணி இசை வேண்டாம். மாடியில் இன்னொரு மருமகள் இருக்கிறாள். அவளுக்கு அது கேட்கிறது. அவள் காதொலிப்பானை மாட்டிக்கொள்கிறாள்.

ஐந்து மணிக்கு அனுப்பினாள். பத்தாவது நிமிஷம் குவாக்.

“என்னம்மா இது? மாடியில யாரு இந்தப் புது ஆளு?”

“புது ஆள் இல்ல சார். முதல்லேர்ந்தே இருந்தா. நான்தான் எழுதல.”

“கைக்குட்டை கேட்டேன், கல்லைக் கொடுத்திருக்கீங்க. மோரான் மேல இரக்கம் வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“வரும் சார். வரட்டும். ஆனா அந்தக் கிழவியைத் தனியா விட்டுட்டு வரக் கூடாது.”

“சானல்ல என் தோலை உரிப்பாங்க.”

“எழுதினது நான்னு சொல்லுங்க. வேற ஆளை வெச்சு மாத்தறதா இருந்தா என் பேரை எடுத்துடுங்க.”

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். வேலை போகுமோ? போகலாம். இந்தத் தொடர்தான் வீட்டுக்குப் பாதிச் சோறு. ஆனால் அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. மணி ஐந்து இருபது.

கீழே மல்சுக் அசையவே இல்லை. வாயைச் சற்றே திறந்துகொண்டு, அயர்ந்து தூங்கினாள். கோட்டுப் பையிலிருந்து மருத்துவமனை அட்டை எட்டிப் பார்த்தது. ஹேரன் அதை உருவிக்கொண்டாள். யூரிமுக்கு ஒரு சீட்டு எழுதி மீன் தட்டின் மேல் வைத்தாள். ‘அத்தை தூங்கறாங்க. எழுப்பாதே. மீனில் கை வைக்காதே. எட்டரைக்கு வந்துடுவேன்.’

நாலாவது மாடி, கோடி அறை. ஆறு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “மல்சுக் அனுப்பின மாத்து ஆளா? நல்லது. அந்த அம்மாளுக்கு இப்ப வேளை ஆகல, ஏழரைக்குத் திருப்பணும். இடது பக்கமா. எங்களைக் கூப்பிடாதே, தொடர் ஓடற நேரம். எட்டு மணிக்கு ராத்திரி ஆள் வந்துடும்.”

“சரிங்க.”

ஏழரைக்கு வார்டு காலியானது. பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் தாழ்வாரத்துக் கோடியிலிருந்த டிவி முன்னால் போய்விட்டார்கள். ஹேரனின் தொடரின் பாட்டு அங்கிருந்து மெலிதாகக் கேட்டது. யாரோ “வந்துட்டாடி மகராசி” என்றார்கள். சிரிப்பு.

அறையில் ஆறு பேரின் மூச்சு மட்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்த அம்மாள் கண்ணை மூடியிருந்தாள். பெயர்கூட ஹேரனுக்குத் தெரியாது. கையை அவள் தோளுக்கடியில் விட்டாள். சின்ன உடம்புதான். ஆனால் பாரம் எதிர்பாராத அளவுக்கு இருந்தது. தானாக அசைய முடியாத உடம்பு எவ்வளவு கனக்கும் என்பது பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. முதல் முறை முடியவில்லை. இரண்டாவது முறையும் முடியவில்லை. கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இடது பக்கமாகப் புரட்டினாள்.

முதுகு வியர்த்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் துணியைப் பிழிந்து துடைத்தாள். எலும்பு துருத்திய இடங்களில் எண்ணெய் தடவினாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். சிவந்திருந்த குதிகாலைக் கையில் ஏந்தி, சிவப்பு ஆறும்வரை தேய்த்தாள். அம்மாளின் புருவத்து முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவ்வளவுதான். வேறு எந்த மாற்றமும் இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். எந்தப் பக்கம் திருப்பினார்கள், யார் திருப்பினார்கள் என்று நிரப்ப வேண்டும்.

ஹேரன் பென்சிலை எடுத்து ஏழரை மணிக் கட்டத்தில் ‘இடது’ என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், தெளிவான எழுத்தில், ‘மல்சுக்’ என்று எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவரப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.